அப்பாவின் உயிலுக்குப் புரோபேட் வாங்கியே ஆக வேண்டுமா? (பழைய வண்ணாரப்பேட்டை வீடு)

வண்ணாரப்பேட்டைவாசி கேட்டது:

அனைவருக்கும் வணக்கம். துறைமுகத்தில் பணியாற்றி ஓய்வு பெற்ற என் தந்தை இந்த ஆண்டு மாசி மாதம் காலமானார். நாங்கள் குடியிருக்கும் பழைய வண்ணாரப்பேட்டை வீட்டை அம்மாவுக்கும் எனக்கும், வங்கியில் உள்ள வைப்புத்தொகையை என் இரண்டு அக்காக்களுக்கும் சரிசமமாக எழுதி, 2014இல் அவர் பதிவு செய்த உயில் எங்களிடம் இருக்கிறது. தாய்மாமாவை நிறைவேற்றுநராக நியமித்திருக்கிறார். சாட்சிகளில் ஒருவர் அப்பாவுடன் வேலை பார்த்தவர், மற்றவர் பத்திர எழுத்தர். பெரிய அக்காவுக்கு இந்த ஏற்பாட்டில் மனக்குறை உண்டு. வைப்புத்தொகைக்கு நாமினி தானே என்பதால் அது முழுவதும் தனக்கே என்கிறார்.

மாடி கட்ட வீட்டின் பேரில் கடன் கேட்டபோது, புரோபேட் உத்தரவு, அதாவது உயில் உண்மையானது என்று நீதிமன்றம் தரும் சான்று, கொண்டு வரும்படி வங்கியில் சொன்னார்கள். நாங்கள் பார்த்த ஒரு வழக்கறிஞர் சென்னையில் அது கட்டாயம் என்கிறார்; இன்னொருவர் சட்டம் மாறிவிட்டது, தேவையே இல்லை என்கிறார். யார் சொல்வதை எடுத்துக்கொள்வது?

மனை என் தாத்தா தம் சம்பாத்தியத்தில் வாங்கியது. அவர் உயில் எதுவும் எழுதாமல் 1978இல் காலமானார். பாட்டியும் உயில் எழுதாமலே பிறகு காலமானார். சொத்து வரி, மின் இணைப்பு, குடிநீர் வரி எல்லாம் அப்பாவின் பெயரில்தான் இருக்கின்றன. அப்பாவின் ஒரே தங்கையான அத்தை மணலியில் இருக்கிறார். அவர் இதுவரை எதுவும் கேட்டதில்லை.

தண்டையார்பேட்டை முன்னாள் வழக்கறிஞர் எழுதியது:

தம்பி, இரண்டாமவர் சொல்வது இன்றைய நிலை, முதலாமவர் சொல்வது நேற்றைய நிலை. 1925ஆம் ஆண்டின் இந்திய வாரிசுரிமைச் சட்டத்தில் 57ஆம் பிரிவையும் 213ஆம் பிரிவையும் சேர்த்துப் படித்தால், சென்னை உயர் நீதிமன்றத்தின் ஆரம்ப உரிமையியல் அதிகார எல்லைக்குள் (சொத்து வழக்குகளை அந்த நீதிமன்றமே நேரடியாக விசாரிக்கும் சென்னை நகரப் பகுதி) இந்துக்கள் எழுதிய உயிலுக்கும், அந்த எல்லைக்குள் உள்ள வீடு மனைகளைப் பற்றி அவர்கள் வேறு எங்கு எழுதிய உயிலுக்கும், புரோபேட் பெறாமல் நீதிமன்றத்தில் உரிமையை நிலைநாட்ட முடியாது என்பதே விதியாக இருந்தது. மதுரைக்காரருக்கு ஒரு சட்டம், மண்ணடிக்காரருக்கு ஒரு சட்டம் என்று நாங்கள் கோர்ட்டு வளாகத்தில் பேசிக்கொள்வதுண்டு. அந்த 213ஆம் பிரிவை 2025 டிசம்பரில் நாடாளுமன்றம் நீக்கிவிட்டது. ஆகவே இப்போது கட்டாயம் இல்லை.

ஆனால் கட்டாயம் போனதே தவிர, உயிலை மெய்ப்பிக்கும் பொறுப்பு போகவில்லை. யாராவது மறுத்தால், உயிலில் கையொப்பமிட்ட சாட்சிகளில் ஒருவரையாவது, அவர் உயிருடனும் வரக்கூடிய நிலையிலும் இருந்தால், கூண்டில் ஏற்றித்தான் ஆக வேண்டும். பதிவு செய்த உயிலாயிற்றே என்று பலர் நிம்மதியாக இருந்துவிடுகிறார்கள். சார்பதிவாளரின் முத்திரை அந்தச் சாட்சியத்துக்கு ஈடாகாது. எழுதியவரின் மனநிலையைப் பற்றியோ, பயன்பெறுபவரே முன்நின்று உயிலை எழுத வைத்தாரா என்பதைப் பற்றியோ சந்தேகம் எழுந்தால், அதைப் போக்கும் கடமை உயிலை முன்வைப்பவருடையது என்று உச்ச நீதிமன்றம் 1959இலேயே வேங்கடாசல ஐயங்கார் வழக்கில் சொல்லிவிட்டது. எனவே முதல் வேலையாக அப்பாவுடன் பணிபுரிந்த அந்தச் சாட்சி எங்கே, எப்படி இருக்கிறார் என்று விசாரியுங்கள்.

பெரிய அக்காவின் மனக்குறையை வைத்துப் பார்த்தால், கட்டாயம் இல்லாவிட்டாலும் புரோபேட் வாங்கிவிடுவதே நல்லது என்பது என் கருத்து. தாய்மாமா மனுதாரராக இருந்து, மூல உயில், இறப்புச் சான்றிதழ், சொத்து மதிப்புப் பட்டியல், சாட்சியின் பிரமாண வாக்குமூலம் ஆகியவற்றுடன் மனுச் செய்ய வேண்டும். வாரிசுகள் சம்மதப் பிரமாணம் கொடுத்தால் வேலை சுலபம். யாராவது கேவியட் (ஆட்சேப மனு) போட்டு எதிர்த்தால், உயர் நீதிமன்றத்தில் அந்த மனு டி.ஓ.எஸ். எனப்படும் முழு உயில் வழக்காக மாறி, சாட்சி விசாரணையுடன் நீளும். அப்படி நீண்டாலும், சாட்சி உயிருடன் இருக்கும்போதே நீள்வது மேல்.

இதையெல்லாம் விட என் கண்ணில் பட்டது உங்கள் கடைசிப் பத்திதான். தாத்தாவின் சுயசம்பாத்தியச் சொத்து, உயில் இல்லை, 1978இல் மரணம் என்றால், 1956ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டப்படி பாட்டி, மகன், மகள் மூவரும் வாரிசுகள். பாட்டியின் பங்கும் பின்னர் இரு பிள்ளைகளுக்கே போயிருக்கும் என்பதால், வீட்டில் அப்பாவுக்குப் பாதி, அத்தைக்குப் பாதி. உங்கள் அப்பா உயிலில் முழு வீட்டையும் எழுதியிருந்தாலும் அவர் பாதிக்குத்தான் அது செல்லும். இந்தக் குறையைப் புரோபேட் தீர்க்காது. உயில் உண்மையானதா, முறையாக எழுதப்பட்டதா என்பதை மட்டுமே அந்த நீதிமன்றம் பார்க்கும்; எழுதியவருக்கு அந்தச் சொத்தில் எவ்வளவு உரிமை இருந்தது என்பதற்குள் அது போகாது.

ஓய்வு பெற்ற வங்கி அலுவலர் எழுதியது:

வங்கியின் கோணத்தையும் சொல்லிவிடுகிறேன். கடன் பிரிவில் இருப்பவர்கள் பல ஆண்டுகளாக ஒரே சரிபார்ப்புப் பட்டியலை வைத்து வேலை செய்பவர்கள். சென்னைச் சொத்து, உயில் வழி உரிமை என்றால் புரோபேட் என்று அதில் இருக்கும். சட்டம் மாறியதைச் சொல்லி வாதாடுவதைவிட, வங்கியின் சட்ட ஆலோசகரிடம் எழுத்து மூலம் கருத்துக் கேட்கச் சொல்லுங்கள். ஆனால் தாய்ப்பத்திரம் தாத்தாவின் பெயரில் இருப்பதைப் பார்த்ததும் அவர் அத்தையைப் பற்றித்தான் முதலில் கேட்பார்.

வைப்புத்தொகையைப் பொறுத்தவரை, நாமினி என்பவர் பணத்தை வங்கியிடமிருந்து பெற்றுக்கொள்ளும் உரிமை உடையவர், அவ்வளவே. வங்கி அவரிடம் கொடுத்துவிட்டால் வங்கியின் பொறுப்பு முடிகிறது. அதன் பின் உரியவர்களுக்குக் கணக்குச் சொல்ல வேண்டியவர் அவர்தான். காப்பீட்டுத் தொகை தொடர்பாக 1983இல் சர்பதி தேவி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னதும் இதே அடிப்படையில்தான். அக்காவிடம் இதைச் சண்டையாகச் சொல்லாமல், பெரியவர் ஒருவரை வைத்துச் சொல்வது நல்லது.

ராயபுரம் டெய்சி எழுதியது:

சின்னத் தகவல். வில்லங்கச் சான்றிதழில் உயில் பதிவு வராது. உயில்கள் பதிவுத்துறையில் வேறு புத்தகத்தில் ஏறுகின்றன. எழுதியவர் இறந்த பிறகு, இறப்புச் சான்றிதழைக் காட்டி, பதிவு செய்த அலுவலகத்தில் சான்றிட்ட நகல் வாங்கலாம். எங்களைப் போன்ற கிறிஸ்தவக் குடும்பங்களுக்கு 2002ஆம் ஆண்டுத் திருத்தத்திலேயே 213இலிருந்து விலக்குக் கிடைத்துவிட்டது. ஆனால் எங்களுக்கு வேறொரு கண்ணி உண்டு: சாட்சிக் கையொப்பம் இட்டவருக்கோ அவருடைய கணவன் மனைவிக்கோ எழுதிய பாகம் செல்லாமல் போய்விடும். படிப்பவர்களில் கிறிஸ்தவர்கள் யாராவது இருந்தால் கவனியுங்கள்.

வண்ணாரப்பேட்டைவாசி எழுதியது:

அனைவருக்கும் நன்றி. அத்தையிடம் பேசினேன். "அண்ணன் வீடு, எனக்கு எதுக்குப்பா" என்றார். வாய்வார்த்தை போதுமா? நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாக அப்பாவே தனியாக அனுபவித்து வந்திருக்கிறார் என்பது எங்களுக்கு உதவாதா?

தண்டையார்பேட்டை முன்னாள் வழக்கறிஞர் எழுதியது:

உதவாது. கூட்டு உரிமையாளர்களில் ஒருவர் வீட்டில் இருந்தார், வரி கட்டினார் என்பதனால் மட்டும் மற்றவரின் பங்கு அழிவதில்லை. அத்தை கேட்காமல் இருந்ததற்குச் சட்டமும் ஒரு காரணம்: குடும்பம் முழுவதுமாகக் குடியிருக்கும் வீட்டில் ஆண் வாரிசுகள் பிரிக்க முன்வரும் வரை பெண் வாரிசு பாகம் கேட்க முடியாது என்ற, இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 23ஆம் பிரிவு 2005இல்தான் நீக்கப்பட்டது.

வாய்வார்த்தை பதிவு அலுவலகத்தில் செல்லாது. மனமுவந்து தருவதாக இருந்தால், அத்தை உங்களுக்கும் அம்மாவுக்கும் தம் பங்கை விட்டுக்கொடுப்பதாகப் பதிவு செய்த விடுதலைப் பத்திரம் எழுதித் தர வேண்டும். முத்திரைத் தீர்வைச் சலுகை, பட்டியலிட்ட உறவுமுறைகளுக்கு மட்டுமே கிடைக்கும் என்பதால், எழுதுவதற்கு முன் சார்பதிவாளரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். அத்தையின் பிள்ளைகளையும் உடன் அழைத்துப் போங்கள். சட்டம் அதைக் கேட்கவில்லை, ஆனால் பின்னால் வரும் பேச்சுக்கு இடம் இருக்காது. அவருக்கு ஒரு தொகை கொடுப்பதாக இருந்தால் அதையும் பத்திரத்திலேயே குறிப்பிடுங்கள். எதுவும் வேண்டாம் என்று அவரே சொன்னாலும், பாதி வீட்டின் மதிப்பு என்ன என்பதை அவரிடம் தெரிவித்துவிட்டுக் கையொப்பம் வாங்குவதுதான் முறை.

விடுதலைப் பத்திரம் முதலில், புரோபேட் மனு அதையொட்டி, வங்கி கடைசியில் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதுவரை மூல உயிலை லேமினேட் செய்யாதீர்கள், துளை போடாதீர்கள், ஓரத்தில் எதுவும் எழுதாதீர்கள். நீதிமன்றத்தில் அந்தத் தாளையே தாக்கல் செய்ய வேண்டியிருக்கும்.