மறு: கிட்டார் ‘பெண்ட்’ – வளைப்பா, ஒதுக்கலா?

அண்ணாச்சிக்கு வணக்கம்.

கிட்டார் வாசிப்புச் சொற்களுக்கான அகராதிக்காக நீங்கள் அனுப்பிய தமிழ்ச்சொல் பட்டியலை இரண்டு தடவை வாசித்தேன். பெண்டுக்கு (கம்பியை நகர்த்திச் சுருதி ஏற்றுவது) ‘வளைப்பு’, ஹாமர்-ஆனுக்கு (இடக்கை விரலைத் தட்டி ஒலிக்கவைப்பது) ‘சுத்தியலடி’, புல்-ஆஃபுக்கு (அந்த விரலை எடுக்கும்போதே ஒலிக்கவைப்பது) ‘இழுத்தெடுப்பு’ என்று போட்டிருக்கிறீர்கள். மூன்றும் ஆங்கிலச் சொல்லைப் பார்த்துச் செய்தவை. விரல் என்ன செய்கிறது என்று பார்த்தால் வேறு சொற்கள் வரும். பாளையங்கோட்டையில் என்னிடம் சாயங்காலம் படிக்க வருகிற பிள்ளைகளிடம் ‘சுத்தியலடி’ என்றால் கம்பியை ஓங்கிக் குத்துவார்கள். அந்த வேலைக்கு வேகமும் குறியும்தான் வேண்டும், பலம் தேவையில்லை.

பெண்டிலிருந்தே தொடங்குகிறேன்.

மெல்லிய கம்பியை ஒன்று என்று எண்ணினால் மூன்றாவது கம்பி, ஏழாவது மெட்டு (ஃப்ரெட்). மோதிர விரலை அங்கே வைத்து, அதற்குப் பின்னால் நடுவிரலையும் ஆள்காட்டி விரலையும் அதே கம்பியில் துணைக்கு வைத்துக்கொள்கிறோம். வலக்கை கம்பியை மீட்டியதும் மூன்று விரலும் சேர்ந்து கம்பியை மெட்டின் மேலேயே பக்கவாட்டில் நகர்த்துகின்றன. விசை மணிக்கட்டிலிருந்து வர வேண்டும். விரலால் மட்டும் தள்ளினால் இரண்டு நாளில் நுனி புண்ணாகிவிடும். கம்பி விறைக்க விறைக்க சுருதி ஏறும். ஒன்பதாம் மெட்டின் ஒலி வந்ததும் நிற்க வேண்டும். இதைத்தான் கிட்டார்க் குறிப்பில் ஏழுக்கும் ஒன்பதுக்கும் நடுவே ஒரு ‘பி’ (b) போட்டுக் காட்டுகிறார்கள். ஒன்பது என்பது விரல் போகிற இடம் இல்லை, காதுக்கு வர வேண்டிய ஒலி. புதிதாகப் படிக்கிறவர்கள் தடுமாறுவது இங்கேதான். அதனால் முதலில் ஒன்பதாம் மெட்டை வாசித்துக் கேட்கச் சொல்வேன், அப்புறம்தான் ஏழிலிருந்து ஏற்றச் சொல்வேன்.

இதில் ‘வளைப்பு’ என்றால் எதை வளைப்பது? பிள்ளைகள் விரலை வளைக்கிறார்கள். ‘இழுப்பு’ என்று இன்னொருவர் எழுதியிருந்தார். அது பாதிக்குத்தான் பொருந்தும். மெல்லிய கம்பியை மேல்நோக்கித் தள்ளுகிறோம், தடித்த கம்பியைக் கீழ்நோக்கி இழுக்கிறோம். மாற்றிச் செய்தால் கம்பி பலகையின் விளிம்பைத் தாண்டிப் போய்விடும். இரண்டு திசைக்கும் பொதுவாக ஒரு சொல் வேண்டும்.

அந்தச் சொல் நம் பக்கத்திலேயே அச்சாகி நூறு வருடத்துக்கு மேல் ஆகிறது. எட்டயபுரம் சமஸ்தான வித்வான் சுப்பராம தீட்சிதர் 1904இல் எட்டயபுரத்திலேயே அச்சிட்டு வெளியிட்ட ‘சங்கீத சம்பிரதாய பிரதர்சினி’யில் கமகங்களுக்கு, அதாவது ஸ்வரத்தை அசைத்தும் வழுக்கியும் அழகுபடுத்தும் முறைகளுக்கு, தனித்தனிக் குறிகள் உண்டு. (எட்டயபுரம் அன்றைக்குத் திருநெல்வேலி மாவட்டம். 1986இல்தான் தூத்துக்குடிப் பக்கம் தனி மாவட்டமானது.) புத்தகம் தெலுங்கு எழுத்தில் இருந்தாலும் கமகப் பெயர்களில் பல நம் பேச்சில் உள்ளவை. வீணையில் ஒரு மெட்டில் விரலை வைத்து, கம்பியை விலக்கி, அடுத்த ஸ்வரத்தின் ஒலியை அங்கேயே வரவழைப்பதற்கு அவர் தருகிற பெயர் ஒதுக்கல். செய்கிற வேலை அப்படியே நம் பெண்ட். தள்ளினாலும் இழுத்தாலும் கம்பி ஒதுங்கத்தான் செய்கிறது.

குறிகளையும் பாருங்கள். ஒரு ஸ்வரத்திலிருந்து மேலே வழுக்கிப் போவது ஏற்ற ஜாரு, குறி /. கீழே வருவது இறக்க ஜாரு, குறி \. கிட்டார்க்காரர்கள் ஸ்லைடுக்குப் போடுகிற கோடும் அதேதான். கம்பியை அசைக்கும் கம்பிதத்துக்கு ~~~ என்று அலைக்கோடு; விப்ராட்டோவுக்கும் அதே அலை. எட்டயபுரத்தில் போட்டதும் கிட்டார்க்காரர்கள் போடுவதும் ஒரே கோடாக இருப்பதைப் பார்த்தால் எனக்குப் பெரிய சந்தோஷம். ஸ்லைடுக்கும் விப்ராட்டோவுக்கும் புதுச்சொல் தேடவே வேண்டாம்: ஏற்ற ஜாரு, இறக்க ஜாரு, கம்பிதம். நாகஸ்வரக்காரர் வீட்டுப் பிள்ளைக்கு இதை விளக்க ஒரு நிமிஷம் போதும்.

ஒரு இடத்தில் மட்டும் கவனம் வேண்டும். தீட்சிதர் ஒதுக்கலுக்குப் போட்ட குறி பெருக்கல் குறி. கிட்டார்க் குறிப்பில் அதே குறி, ஒலிக்காமல் அடக்கிய கம்பியைக் காட்டும். ஆகவே பெயரை எடுத்துக்கொள்வோம், அந்தக் குறியை எடுக்க வேண்டாம்.

ஃப்ரெட்டுக்கு ‘மெட்டு’ என்று மேலே கேள்வி இல்லாமல் எழுதிவிட்டேன். வீணைக்காரர்கள் இருபத்துநான்கு மெட்டு என்றுதான் சொல்கிறார்கள்; அதிலும் கிட்டாரிலும் ஒரு ஸ்தாயிக்குப் பன்னிரண்டு. பாட்டின் மெட்டோடு குழம்பும் என்கிறீர்கள். ‘ஏழாம் மெட்டில் விரல் வை’ என்று கேட்கிறவருக்கு எந்தக் குழப்பமும் வராது.

அப்புறம் ஹாமர்-ஆனும் புல்-ஆஃபும். இவற்றுக்குப் பழைய பெயரை ஒட்டவைக்க எனக்கு மனம் வரவில்லை. ஸ்புரிதம் என்ற கமகம் பக்கத்தில் வருகிறது, ஆனால் அது ஜண்டை ஸ்வரத்தோடு (ஒரே ஸ்வரம் இரட்டையாக வருவது) சேர்ந்தது. ஐந்தாம் மெட்டை மீட்டி, ஒலி அடங்குவதற்குள் ஏழாம் மெட்டில் இன்னொரு விரலைத் தட்டுகிறோம். வலக்கை சும்மா இருக்கிறது. அது ‘தட்டு’. திரும்பி வரும்போது ஏழில் இருக்கும் விரல் வெறுமனே எழுந்தால் ஒலி செத்துவிடும். எழும்போதே கம்பியை லேசாகக் கீழ்ப்பக்கம் கொத்திவிட்டு எழ வேண்டும், ஐந்தில் இருக்கும் விரல் அசையக் கூடாது. அது ‘சுண்டு’. வலக்கை விரலை நேராக மெட்டுப் பலகையில் தட்டுகிற டேப்பிங், ‘வலக்கைத் தட்டு’.

பிள்ளைகள் நோட்டில் இப்படி எழுதுகிறார்கள்: 5த7சு5. ஒதுக்கி, பழைய இடத்துக்கே விடுவது: 7ஒ9வி7. வாயால் சொன்னாலும் ‘ஐந்து தட்டு ஏழு சுண்டு ஐந்து’ என்று தாளத்தோடு வருகிறது. தமிழ்ச்சொல் வேண்டும் என்று நான் நிற்பதற்கு இதுதான் காரணம். தட்டுக்கும் சுண்டுக்கும் கிட்டார்க் குறிப்பில் போடுகிற ‘எச்’ (h), ‘பி’ (p) என்பவை ஆங்கிலச் சொற்களின் முதலெழுத்து. அந்தச் சொல் தெரியாத பிள்ளைக்கு அது மனப்பாடம் செய்ய வேண்டிய வெறும் கோலம்.

ஆனால் கணினிக் கோப்பில் தமிழ் எழுத்தைப் போட வேண்டாம். ஆறு கம்பிக்கான ஆறு வரியும் ஒன்றின்கீழ் ஒன்றாக நிற்பதற்கு எல்லா எழுத்தும் ஒரே அகலம் இருக்க வேண்டும். ‘சு’வும் ‘வி’யும் வந்த இடத்திலிருந்து வரி நகர்ந்து, ஒரே நேரத்தில் மீட்ட வேண்டிய கம்பிகள் முன்னும் பின்னுமாகப் போய்விடும். நோட்டில் தமிழ் எழுத்து, கோப்பில் உலகம் முழுக்க உள்ள குறி, வாயில் தமிழ்ச்சொல். இதுதான் என் கருத்து.

* * *

தம்பி,

எட்டயபுரம் சங்கதி பிரமாதம். தீட்சிதரின் தாத்தா பாலுஸ்வாமி தீட்சிதரும் அதே சமஸ்தானத்து வித்வான்தான். வெள்ளைக்காரர்களின் வயலினைக் கர்நாடக சங்கீதத்துக்குக் கொண்டுவந்தவர். அந்த வீட்டுச் சொல்லை கிட்டாருக்கு எடுப்பதில் எனக்கு ஆட்சேபணை இல்லை.

ஆனால் ‘ஒதுக்கல்’ என்றால் இன்றைக்கு யாருக்கு என்ன தோன்றும்? ஒதுக்கீடு, நிதி ஒதுக்கல், ஒருத்தரை ஒதுக்கி வைப்பது. கோயில் கொடைக்கு மெல்லிசைக் கச்சேரி வாசிக்கிற பையன்களும், ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் வாசிக்கிறவர்களும் ‘கம்பியைத் தள்ளு’ என்கிறார்கள். புழங்குகிற சொல் இருக்கும்போது ஏன் புத்தகத்துக்குப் போக வேண்டும்?

* * *

அண்ணாச்சி,

‘தள்ளு’ நல்ல சொல்தான். வகுப்பில் வாய்வார்த்தையாக நானும் சொல்கிறேன். கலைச்சொல்லாக வைப்பதில் இரண்டு சிக்கல். தடித்த கம்பியைக் கீழே இழுக்கும்போது ‘தள்ளு’ என்றால் பிள்ளை எதிர்த்திசையில் போகிறான். இன்னொன்று, தட்டும் தள்ளும் ஒரே எழுத்தில் தொடங்குகின்றன. நோட்டில் 7த9 என்று இருந்தால் தட்டுவதா தள்ளுவதா? ஒலி கிட்டத்தட்ட ஒன்று, விரல் வேலை முற்றிலும் வேறு.

‘ஒதுக்கு’ என்ற வினை அலுவலகத்தோடு முடிந்துபோகவில்லை. ‘முடியை ஒதுக்கிவிடு’, ‘வண்டியை ஓரமாக ஒதுக்கு’ என்று தினமும் சொல்கிறோம். இருந்த இடத்திலிருந்து பக்கவாட்டில் நகர்த்துவதுதான் அங்கேயும் பொருள். ஆளை ஒதுக்கி வைக்கிற பொருள் நினைவுக்கு வரும் என்பதை மறுக்கவில்லை. ‘கம்பி ஒதுக்கல்’ என்று சேர்த்துச் சொன்னால் அது வராது. அகராதிப் பதிவில் அப்படியே போடலாம், சுருக்கம் ‘ஒ’.

பட்டியலில் இன்னும் முடிவாகாமல் இருப்பது பாம் மியூட் (வலக்கையால் ஒலியை அடக்கியபடி மீட்டுவது) ஒன்றுதான். ‘உள்ளங்கை அடக்கு’ என்று போட்டிருக்கிறீர்கள். கம்பியில் படுவது உள்ளங்கை அல்ல, சுண்டுவிரல் பக்கத்துக் கைவிளிம்பு. அதுவும் கம்பி கட்டியிருக்கும் குதிரையை ஒட்டி. ஒரு விரற்கடை முன்னால் வந்தாலும் ஒலி முழுதாகச் செத்துவிடும், குதிரைக்குப் பின்னால் போனால் அடங்கவே அடங்காது. ‘விளிம்படக்கு’ என்று வைத்தால் கையின் எந்தப் பகுதி என்பது சொல்லிலேயே தெரிந்துவிடும். பெருக்கல் குறி போட்ட இடத்தில் இடக்கை கம்பியை அழுத்தாமல் தொட்டு நிறுத்துகிறது, அதை வெறும் ‘அடக்கு’ என்று விடலாம். வீணை வாசிக்கிறவர்கள் யாராவது குழுவில் இருந்தால் இந்த இரண்டுக்கும் அவர்கள் என்ன சொல்கிறார்கள் என்று எழுதுங்கள். அதன் பிறகு பதிவைப் பூட்டுவோம்.