ரேபிட்எம்கியூ: இரண்டு சர்வீசுக்கும் போக வேண்டிய மெசேஜ் பாதிப் பாதியாகப் பிரிகிறது

கேள்வி:
ரேபிட்எம்கியூ (புரோகிராம்களுக்கு இடையே மெசேஜ் கடத்தும் புரோக்கர்) வைத்திருக்கிறேன். ஆர்டர் வந்ததும் பில்லிங், மெயில் இரண்டு சர்வீசுக்கும் மெசேஜ் போக வேண்டும். ஒரு டாபிக் எக்ஸ்சேஞ்ச் (மெசேஜின் முகவரியைப் பார்த்துக் கியூவுக்கு அனுப்புவது), ‘ஆர்டர்கள்’ என்று ஒரு கியூ (எடுக்கும்வரை மெசேஜ் காத்திருக்கும் வரிசை), இரண்டு சர்வீசும் அந்தக் கியூவிலிருந்துதான் எடுக்கின்றன. பத்து ஆர்டர் போட்டால் ஆளுக்கு ஐந்தாகப் போகிறது. போதாக்குறைக்கு, ‘ஆர்டர்.ரத்து.பகுதி’ என்ற ரவுட்டிங் கீயில் (மெசேஜின் முகவரி) அனுப்புபவை எங்கேயும் வரவே இல்லை. பைண்டிங் (எந்த முகவரி எந்தக் கியூவுக்கு என்ற விதி) ‘ஆர்டர்.*’. பப்ளிஷர் கன்ஃபர்ம் (அனுப்பியதைப் பெற்றதாக புரோக்கர் பதில் சொல்லும் ஏற்பாடு) போட்டிருக்கிறேன், எல்லாவற்றுக்கும் ஆக் (அந்தப் பதில்) வருகிறது, லாகில் எர்ரர் எதுவும் இல்லை. இரண்டு நாளாக மண்டை காய்கிறது.

பதில் 1:
கியூ நகல் எடுக்காது. அதில் எத்தனை கன்சியூமர் (மெசேஜ் எடுக்கும் புரோகிராம்) இருந்தாலும் ஒரு மெசேஜ் ஒருவருக்குத்தான். முறைவைத்துக் கொடுக்கும், அது வேலையைப் பங்கு போடுவதற்கான ஏற்பாடு. நகல் எடுப்பது எக்ஸ்சேஞ்சின் வேலை, பைண்டிங் பொருந்துகிற ஒவ்வொரு கியூவுக்கும் ஒன்று. பில்லிங்குக்குத் தனி கியூ, மெயிலுக்குத் தனி கியூ வைத்து இரண்டையும் அதே எக்ஸ்சேஞ்சில் பைண்ட் செய்யுங்கள். நாளைக்கு பில்லிங்கை மூன்று இடத்தில் ஓட்டினால் அந்த மூன்றும் ஒரே கியூவில் இருக்கட்டும்.

பதில் 2:
காணாமல் போவதற்குக் காரணம் அந்த நட்சத்திரம். * என்றால் சரியாக ஒரு சொல் (கீயில் புள்ளியால் பிரிக்கப்பட்ட ஒரு பகுதி), உங்கள் கீயில் ‘ஆர்டர்’ என்பதற்குப் பிறகு இரண்டு சொல் இருக்கிறது. ‘ஆர்டர்.#’ என்று போடுங்கள். # எத்தனை சொல்லையும் ஏற்கும், எதுவும் இல்லாவிட்டாலும் பொருந்தும்.

ஆக் விஷயம்தான் பலரையும் ஏமாற்றுகிறது. எந்தக் கியூவும் பொருந்தவில்லை என்றால் புரோக்கர் அந்த மெசேஜைச் சத்தமில்லாமல் கீழே போட்டுவிடும், ஆனாலும் ஆக் அனுப்பும். அனுப்பும்போது மேண்டேட்டரி கொடியை ட்ரூ வையுங்கள், அப்போது மெசேஜ் முதலில் உங்களிடமே திரும்பி வரும், அதன் பிறகுதான் ஆக். திரும்பி வருவதைப் பிடிக்க ஒரு ரிட்டர்ன் ஹேண்ட்லர் எழுதாவிட்டால் கொடி வைத்தும் பயனில்லை. அனுப்பும் புரோகிராமைத் தொட முடியாதென்றால் ஆல்டர்னேட் எக்ஸ்சேஞ்ச் வைத்து, போக்கிடம் இல்லாதவற்றை ஒரு கியூவில் சேர்த்துக்கொள்ளலாம்.

கேட்டவர்:
இரண்டு கியூவாகப் பிரித்தேன், ‘ஆர்டர்.#’ போட்டேன், இரண்டுக்கும் எல்லாம் வருகிறது! மிக்க நன்றி. ஆனால் நிர்வாகப் பக்கத்தில் ‘ஆர்டர்கள்’ கியூவில் எண்ணிக்கை ஏறிக்கொண்டே போகிறதே?

பதில் 1:
புரோகிராமிலிருந்து பழைய கியூவுக்கான வரியை எடுத்தால் புரோக்கரில் இருக்கும் கியூவும் பைண்டிங்கும் போய்விடாது. எடுக்க ஆளில்லாமல் அதற்கும் ஒரு நகல் போய்க்கொண்டிருக்கிறது. முதலில் பைண்டிங்கைக் கழற்றுங்கள், உள்ளே இருப்பது தேவையில்லை என்று உறுதியானதும் கியூவை அழியுங்கள்.