கூலிங் கிளாஸ் லென்ஸ்: கண்ணும் கூசக் கூடாது, மீட்டரும் தெரிய வேண்டும்

வணக்கம். வேலைக்காகத் தினமும் பைக்கில் தூத்துக்குடியிலிருந்து திருச்செந்தூர் போகிறேன். முத்தையாபுரம் பக்கம் உப்பளங்கள். பத்து மணிக்கு மேல் பாத்தியில் பட்டுத் தெறிக்கிற வெளிச்சத்தில் கண்ணில் நீர் கொட்டுகிறது. மூன்று மாதமாக இதே பாடு. வயது 41, இரண்டு கண்ணிலும் மைனஸ் 2.25 பவர். டாக்டர் பார்த்துவிட்டார், கோளாறு எதுவும் இல்லை. புற ஊதாக் கதிரை (யூவி) தடுக்கும் யூவி 400 லென்ஸ் போடச் சொன்னார்.

முதலில் வெயிலில் கறுக்கும் போட்டோகுரோமிக் போட்டேன். ஹெல்மெட் வைசரே யூவியைத் தடுத்துவிடுவதால் உள்ளே அது கறுக்கவே இல்லை. 3,800 ரூபாய் போன பிறகுதான் இது புரிந்தது. அப்புறம், பட்டுத் தெறிக்கிற வெளிச்சத்தை வடிகட்டும் போலரைஸ்டு லென்ஸ். கூச்சம் சுத்தமாகப் போய்விட்டது, அருமை! ஆனால் பைக்கின் டிஜிட்டல் மீட்டர் இருண்டுவிடுகிறது. தலையைச் சாய்த்தால்தான் வேகம் தெரிகிறது. வைசர் வழியே வானவில் கோடுகள் வேறு. வைசரைத் தூக்கினால் கண்ணில் மணல், பூச்சி.

போலரைஸ்டு இல்லாத, பவர் வைத்த கேட்டகரி 3 (கடும் வெயிலுக்கான கறுப்பு) லென்ஸ் போடலாம் என்றிருக்கிறேன். இப்படிப்பட்ட சாலையில் ஓட்டுகிறவர்கள் சொல்லுங்கள்: கிரே எடுப்பதா, பிரவுனா?