பட்ஜெட்டில் கோடி கோடியாகப் போடுகிறார்கள், எங்கள் பூங்காவுக்கு மட்டும் ‘நிதி இல்லை’யாம்

தெருமுனை:
எங்கள் நகரில் பூங்காவுக்கு என்று விட்ட இடத்தில் சீமைக்கருவேலம் மண்டிக் கிடக்கிறது. நடுவில் யாரோ கொட்டிய கட்டட இடிபாடு வேறு. கவுன்சிலரிடம் கேட்டால் “நிதி இல்லைங்க” என்கிறார். அப்புறம் பட்ஜெட் பணமெல்லாம் எங்கே போகிறது? நாங்களே கொஞ்சம் பணம் போட்டால் செய்து தருவார்களா?

கணக்குப்பிள்ளை:
தம்பி, நான் மாநகராட்சிக் கணக்குப் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவன். பேப்பரில் வருகிற தொகை ஒரே பெட்டியில் கிடக்கும் பணம் இல்லை. வருவாய் மற்றும் மூலதன நிதி, குடிநீர் வடிகால் நிதி, ஆரம்பக் கல்வி நிதி எல்லாம் தனித்தனிக் கணக்கு. குடிநீர்க் கணக்கில் மிச்சம் இருக்கிறதே என்று எடுத்துப் பூங்காவுக்கு ஊஞ்சல் வாங்க முடியாது. பெரிய தொகைகள் பெரும்பாலும் அரசு மானியமும் கடனும்தான். எந்த வேலைக்கு வந்ததோ அதற்கே போகும். சொத்து வரியோடு நீங்கள் கட்டும் நூலக வரிகூட நூலகத்துக்குத்தான். சம்பளம், ஓய்வூதியம், கரண்ட் பில், குப்பை ஒப்பந்தம் போக மிஞ்சுவதற்கு எல்லா வார்டும் கை நீட்டும்.

ஆனால் நான் பார்த்தவரை, பல நேரம் பணத்துக்கு முன்னால் இல்லாமல் இருப்பது எஸ்டிமேட். மனு மனுவாகவே ஃபைலில் தூங்கும். உதவிப் பொறியாளர் வந்து இடத்தை அளந்து, வேலிக்கு இவ்வளவு, நடைபாதைக்கு இவ்வளவு, போர்வெல்லுக்கு இவ்வளவு என்று போட்டால்தான் அது மாமன்றக் கூட்டத்துக்கு விவாதப் பொருளாக வரும். அப்புறம்தான் அனுமதி, டெண்டர் எல்லாம். பட்ஜெட்டுக்கான பட்டியலைப் பொங்கலை ஒட்டியே பிரிவுகளிடம் வாங்கிவிடுவோம். மார்ச்சில் வந்து நின்றால் “அடுத்த வருஷம் பார்க்கலாம்” என்பதைத் தவிர வேறு பதில் எங்களிடம் இருக்காது.

பணம் போடுவதென்றால் நமக்கு நாமே திட்டம் இருக்கிறது. இடையில் தன்னிறைவுத் திட்டம் என்று பெயர் மாறி, 2021இல் பழைய பெயரிலேயே திரும்பியது. பொதுவாக மதிப்பீட்டில் மூன்றில் ஒரு பங்கு மக்களுடையது, மீதி அரசு. ஒன்பது லட்சம் என்றால் நீங்கள் மூன்று லட்சம் திரட்ட வேண்டும்.

வடக்குவீதி:
அதற்கு முன்னால் இடம் யார் பெயரில் இருக்கிறது என்று பாருங்கள். 10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவில், சாலை போக உள்ள இடத்தில் 10 சதவீதத்தைத் திறந்தவெளியாக விட்டு, தானப் பத்திரம் போட்டு உள்ளாட்சிக்குக் கொடுக்க வேண்டும். எங்கள் பக்கம் புரமோட்டர் வரைபடத்தில் பச்சை அடித்ததோடு சரி. வில்லங்கம் போட்டுப் பார்த்த பிறகுதான் பத்திரமே இல்லை என்று தெரிந்தது.

தெருமுனை:
பத்திரம் இருக்கிறது, நகல் குடியிருப்போர் சங்கச் செயலாளரிடம் உள்ளது. கவுன்சிலரைத் தாண்டி நேராகப் பொறியாளரிடம் போனால் கோபித்துக்கொள்ள மாட்டாரா ஐயா?

கணக்குப்பிள்ளை:
கோபிப்பார். அதனால் அவரையும் கூட்டிக்கொண்டே போங்கள், திறப்பு விழாக் கல்வெட்டில் பெயர் வரும் என்றால் மறுக்க மாட்டார்! வார்டு மக்களைக் கூட்டிப் பகுதி சபைக் கூட்டம் என்று 2022 நவம்பர் 1 முதல் நடத்துகிறார்களே, அதில் இதைத் தீர்மானமாக எழுத வையுங்கள். வாயால் சொல்லிவிட்டு வராதீர்கள், மினிட்ஸ் புத்தகத்தில் ஏறியதா என்று நின்று பாருங்கள். எஸ்டிமேட் நகல் கைக்கு வரும்வரை வீடு வீடாகப் பணம் வசூலிக்கவும் வேண்டாம். வேலை இழுத்துக்கொண்டே போனால் வசூலித்தவர் தெருவில் நடக்க முடியாது.