லாசிக்கா, ஸ்மைலா, பிஆர்கேயா?

துரைப்பாக்கம்_தம்பி:
கண்ணாடியை விட லேசர் ஆபரேஷன் செய்துகொள்ளலாம் என்றிருக்கிறேன். வயது 26, இரண்டு கண்ணிலும் பவர் மைனஸ் 5.5. மூன்று வருடமாக பவர் மாறவில்லை. ரிப்போர்ட்டில் கருவிழித் தடிமன் 495 மைக்ரான். ஒரு இடத்தில் ஸ்மைல்தான் என்கிறார்கள். இன்னொரு இடத்தில் லாசிக்கே போதும், செலவும் குறைவு என்கிறார்கள். ஞாயிறுதோறும் பெசன்ட் நகரில் சிலம்பம் ஆடுவேன். எதைச் செய்வது?

கண்ணாடிக்கு_டாட்டா:
ஸ்மைல். யோசிக்கவே வேண்டாம். லாசிக்கில் கருவிழியைச் சுற்றி கிட்டத்தட்ட 20 மி.மீ. அறுத்து மூடி மாதிரி திறப்பார்கள். ஸ்மைலில் உள்ளுக்குள்ளேயே ஒரு மெல்லிய வில்லையை லேசரால் வெட்டி, 2 முதல் 4 மி.மீ. கீறல் வழியாக உருவிவிடுவார்கள். நரம்பு அறுபடுவது குறைவு, கண் உலர்வதும் குறைவு. நாள் முழுக்க ஏசியில் ஸ்கிரீனைப் பார்க்கிற ஓஎம்ஆர் ஐடி ஆளுக்கு வேறென்ன வேண்டும்? எனக்கு வெள்ளிக்கிழமை செய்தார்கள், திங்கள் ஆபீஸ் போனேன்.

மயிலாப்பூர்_மாமி:
கீறல் சின்னதுதான், யார் இல்லை என்றது? எவ்வளவு சதை போகிறது, அதைச் சொல்லவில்லையே. என் பையனுக்குச் செய்தபோது நானே பேப்பரில் போட்டுப் பார்த்த கணக்கு இது. லாசிக்கில் ஒரு பவருக்குச் சுமார் 14 மைக்ரான். 5.5க்கு 77. மூடிக்கு 110. 495ல் மிச்சம் 308. முந்நூறுக்குக் கீழே இறங்கப் பல டாக்டர்கள் தயங்குவார்கள். ஸ்மைலில் மேலே 120 விட்டுவிட்டு, கீழே வில்லை 100 பக்கம் எடுப்பார்கள். மிச்சம் 275.

கண்ணாடிக்கு_டாட்டா:
மாமி, கழித்தல் சரி, முடிவு தப்பு. கருவிழியின் பலமே மேல்பகுதியில்தான் அதிகம். ஸ்மைல் அதை அநேகமாக அப்படியே விட்டுவைக்கிறது. லாசிக் மூடி ஒட்டிக்கொள்ளும், பழைய பலம் திரும்பாது.

மயிலாப்பூர்_மாமி:
சரி, பவர் கொஞ்சம் மிஞ்சிப்போனால்? லாசிக்கில் மூடியைத் தூக்கித் திருத்தலாம். ஸ்மைலில் தூக்க மூடி ஏது? பெரும்பாலும் மேலே பிஆர்கே செய்வார்கள். எங்கே சுற்றினாலும் ரங்கனைச் சேவி.

சைதை_சைக்கிள்:
அந்த ரங்கனை, அதான் பிஆர்கேயை, முதலிலேயே சேவித்துவிட்டால் என்ன? இரண்டு பேரும் சிலம்பத்தை மறந்துவிட்டீர்கள். கம்பு நுனி கண்ணில் பட்டு, வருடக்கணக்கு கழித்தும் லாசிக் மூடி நகர்ந்தது உண்டு. பிஆர்கேயில் மூடியே கிடையாது. மேல்தோலை மட்டும் எடுத்துவிட்டு லேசர். மேல்தோல் மறுபடி வளர்ந்துவிடும். அதையும் சேர்த்து, 495ல் 77 போனால் 418.

ஆனால் பொய் சொல்ல மாட்டேன். முதல் மூன்று நாள் கண்ணில் மிளகாய்ப்பொடி தூவினது போல இருந்தது. புண் ஆறும்வரை கண்ணில் வைக்கும் பேண்டேஜ் லென்ஸோடு இருட்டில் கிடந்தேன், ரேடியோதான் துணை. பார்வை நன்றாகத் தெளிய ஒரு மாதத்துக்கு மேல் ஆனது. அக்னி நட்சத்திரத்தில் மட்டும் போய்ச் செய்யாதீர்கள். வெயில் பட்டால் கருவிழி மங்கும் வாய்ப்பு கூடும்.

மயிலாப்பூர்_மாமி:
தம்பி, ஒன்று கேட்கிறேன். நீ காண்டாக்ட் லென்ஸ் போடுகிற ஆளா? அளந்த அன்று எப்போது கழற்றினாய்?

துரைப்பாக்கம்_தம்பி:
அங்கே ரிசப்ஷனில்தான் மாமி. யாரும் எதுவும் சொல்லவில்லையே.

மயிலாப்பூர்_மாமி:
போச்சு. அந்த 495ஐ நம்பித்தான் இவ்வளவு சண்டையும். லென்ஸ் கருவிழியின் வடிவத்தையே மாற்றிக் காட்டும். சாஃப்ட் லென்ஸ் என்றால் ஒன்றிரண்டு வாரம், ஹார்டு லென்ஸ் என்றால் இன்னும் அதிக நாள் கழற்றி வைத்துவிட்டு மறுபடி கருவிழியின் மேப் எடு. கெரட்டோகோனஸ், அதாவது கருவிழி மெலிந்து கூம்பு மாதிரி புடைக்கும் நோய், அதன் அறிகுறி ஏதாவது தெரிந்தால் லாசிக்கும் கிடையாது, ஸ்மைலும் கிடையாது.

சைதை_சைக்கிள்:
மாமி சொல்வதுதான் சரி. என்னையும் அப்படித்தான் திருப்பி அனுப்பினார்கள்.

துரைப்பாக்கம்_தம்பி:
கழற்றிவிட்டேன். இரண்டு வாரத்துக்குப் பழைய சோடாபுட்டிதான். ஞாயிற்றுக்கிழமை சிலம்பத்துக்கு லீவு.