வித்தியாசமாக யோசி என்கிறார்கள். சரி, எங்கே தொடங்குவது?

கிணற்றடி:
எல்லோருக்கும் வணக்கம். கிளிநொச்சியில் பொறியியல் பீடத்தில் படிக்கிறேன், வீடு அச்சுவேலி. அண்மையில் எங்களுக்கு ஒரு பயிற்சிப் பட்டறை வைத்தார்கள். ஒன்பது புள்ளிகளைப் பேனா எடுக்காமல் நாலு நேர்கோட்டால் இணைக்க வேண்டும். கோட்டைப் புள்ளிகளுக்கு வெளியே நீட்டினால் சரிவரும் என்று காட்டினார்கள், கைதட்டினோம், ரோல்ஸும் தேத்தண்ணியும் தந்தார்கள், முடிந்தது.

வீட்டுக்கு வந்தால் அப்பா மிளகாய்த் தோட்டத்தில் குந்தியிருந்து குண்டூசியால் டிரிப்பர்களை, அதுதான் சொட்டுநீர்க் குழாயில் தண்ணீர் சொட்டுகிற சின்ன வாய்களை, குத்திக்கொண்டிருக்கிறார். எங்கள் கிணற்றுத் தண்ணீர் கேத்திலில் வெள்ளைப் படை கட்டுகிற தண்ணீர். சொட்டுநீர்க் குழாய் போட்ட நாளிலிருந்து அடைப்புத்தான். புதிசு வாங்கிப் போட்டாலும் கொஞ்ச நாளில் பழையபடி அடைக்கிறது. "இஞ்சினியருக்குப் படிக்கிறாய், இதுக்கொரு வழி சொல்லன்" என்கிறார். ஒன்பது புள்ளியை வைத்துக்கொண்டு நான் அவருக்கு என்ன சொல்ல? வழமைக்கு மாறாக யோசிப்பது பழகி வருகிற விஷயமா, சிலருக்கு மட்டும் கூடப்பிறந்ததா?

வல்லைவெளி:
பழகலாம் என்றுதான் எட்வேர்ட் டி போனோ வாழ்நாள் முழுக்கச் சொன்னார். மால்டாக்காரர், மருத்துவம் படித்தவர், 1967இல் 'பக்கவாட்டுச் சிந்தனை', அதாவது பழகிய வழியில் நேராகப் போகாமல் வேறு பக்கத்தால் யோசிப்பது, என்ற கருத்தைக் கொண்டுவந்தார். எனக்கு அதைவிடப் பிடித்தது ஜெர்மன் உளவியலாளர் கார்ள் டுங்கரின் மெழுகுதிரிப் பரிசோதனை. ஒரு மெழுகுதிரி, நெருப்புப்பெட்டி, ஒரு பெட்டி நிறையச் சின்ன ஆணி. மேசையில் மெழுகு சிந்தாமல் திரியைச் சுவரில் பொருத்த வேண்டும். ஆணியைக் கொட்டிவிட்டு வெறும் பெட்டியைச் சுவரில் குத்தி அதன்மேல் திரியை வைத்தால் சரி. பலருக்கு இது ஓடாது. பெட்டி ஆணி வைக்கிற சாமானாகவே கண்ணுக்குத் தெரியும். அதே ஆணிகளைப் பெட்டிக்கு வெளியே வைத்துக் கொடுத்தால் கூடுதலான பேர் கண்டுபிடிக்கிறார்கள். மூளையில் மாற்றம் ஒன்றுமில்லை, மேசையில் சாமான் வைத்த விதம்தான் மாறியது.

மண்டான் தோட்டம்:
தங்கச்சி, இதுக்கு ஏன் பெரிய யோசனை? அடைத்ததைக் கழற்றி வினாகிரியில் ஊறவிட்டுக் கழுவச் சொல்லுங்கோ. நாங்கள் அப்படித்தான்.

கொக்குவில் கராஜ்:
பிள்ளை, எனக்குப் புள்ளிக் கணக்குத் தெரியாது. எஞ்சின் தெரியும், அதை வைத்துச் சொல்கிறேன். கொஞ்சம் நீளும்.

1990 நடுப்பகுதியில் சண்டை திரும்பத் தொடங்கியதும் யாழ்ப்பாணக் குடாநாட்டுக்குக் கரண்ட் நின்றது. பெற்றோலுக்குத் தடை, பற்றரிக்குத் தடை, சவர்க்காரம் தட்டுப்பாடு. சைக்கிளைக் கவிழ்த்துப் பெடலைச் சுற்றி டைனமோவில் றேடியோ கேட்டது, ஜாம் போத்தல் விளக்கில் படித்தது, பனம்பழத்தால் உடுப்புத் தோய்த்தது எல்லாம் வீட்டில் சொல்லிச் சொல்லி உங்களுக்குக் காது புளித்திருக்கும். கெட்டிக்காரச் சனம் என்று இப்போது மேடையில் பேசுகிறார்கள். கிட்ட நின்று பார்த்தவனுக்கு அதில் மந்திரம் ஒன்றும் தெரியவில்லை.

கார் மண்ணெண்ணெயில் ஓடிய கதையை எடுங்கள். அப்போது நான் ஒரு பாஸுக்குக் கீழே வேலை பழகிக்கொண்டிருந்தேன். வந்து நின்றதெல்லாம் மொறிஸ் மைனர், ஒஸ்ரின் மாதிரிப் பழைய பெற்றோல் கார்கள். மண்ணெண்ணெயை ஊற்றி அடித்தால் இருமும், எடுபடாது. பெற்றோல் எஞ்சின், எடுபடாதுதானே என்று பெடியள் நாங்கள் விட்டுவிட்டோம். பாஸ் கேட்டார்: "அப்ப தோட்டத்து மெசின் என்னத்தில ஓடுது?"

இறைப்பு மெசின் எல்லோர் தோட்டத்திலும் இருந்தது. அதில் பெற்றோலுக்கு ஒரு குட்டித் தாங்கியும் மண்ணெண்ணெய்க்குப் பெரிய தாங்கியும் இருக்கும். பெற்றோலில் எடுப்பது, சூடேறியதும் திறப்பைத் திருப்பி மண்ணெண்ணெய்க்கு மாற்றுவது. குளிர்ந்த எஞ்சினில் மண்ணெண்ணெய் சரியாக ஆவியாகாது, சூடானால் ஆகும், அவ்வளவுதான் விஷயம். இதைத் தினமும் இழுத்து எடுத்த கமக்காரனுக்கும் தெரியும், எங்களுக்கும் தெரியும். ஆனால் அது மெசின், இது கார் என்று வேறு வேறு பெட்டியில் போட்டு வைத்திருந்தோம்.

பாஸ் செய்தது இதுதான். ஒரு சின்னப் போத்தலில் கொஞ்சம் பெற்றோல், அதிலிருந்து சேலைன் ரியூப், மற்ற நுனி காபரேட்டருக்கு. சேலைன் ரியூபில் சொட்டைக் கூட்டிக் குறைக்கிற சின்னச் சில்லு ஒன்று இருக்குமே, அதுதான் எங்களுக்குத் திறப்பு. பொனற்றைத் திறந்து போத்தலைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நான் நிற்பேன், அவர் ஸ்டார்ட் அடிப்பார். றோட்டால் போகிறவர்கள் "காருக்கு வருத்தமோ, சேலைன் ஏறுது" என்று பகிடி விடுவார்கள். எஞ்சின் கொதித்ததும் மண்ணெண்ணெய்க்கு மாற்றி, போத்தலைப் பத்திரமாகத் திரும்ப எடுத்து வைப்பார். ஒரு போத்தல் பெற்றோலை அவர் இழுத்த இழுப்பு!

சும்மா கிடைத்த வெற்றி என்று நினைக்க வேண்டாம். பிளக்கில் கரி, ஏற்றத்தில் எஞ்சின் தட்டும், எரியாத மண்ணெண்ணெய் கீழே இறங்கி ஒயிலைத் தண்ணியாக்கும். அதைத் தெரிந்துகொண்டுதான் ஓட்டினார்கள்.

இப்ப உங்கள் டிரிப்பருக்கு வருவோம். எடுபடாது என்ற இடத்தில் நிற்காமல், "எந்த நேரத்தில் எடுபடாது?" என்று பாஸ் பார்த்தார். நீங்கள் எல்லோரும் அடைப்பை எப்படி எடுப்பது என்றுதான் கேட்கிறீர்கள். எப்ப அடைக்கிறது? தண்ணீர் ஓடும்போதா, நின்ற பிறகா? என் ஊகம், நின்ற பிறகுதான் கூடுதலாக. மெசினை நிறுத்தியதும் டிரிப்பர் வாயில் ஒரு துளி தங்கும். அது வெயிலில் காயும், தண்ணீர் போகும், சுண்ணாம்பு இருக்கும். அடுத்த இறைப்பில் அதன்மேல் இன்னொரு துளி. கறுத்தக் குழாய் வேறு. வெயிலில் உள்ளே கிடக்கிற தண்ணீர் சுடும், சூட்டில் சுண்ணாம்பு படியும். கேத்திலில் நடப்பதும் இதுதான்.

என்னை நம்ப வேண்டாம். ஒரு நாள் தோட்டத்தில் குண்டூசி இல்லாமல் இருந்து பாருங்கள். வெயில் படுகிற வரிசையில் எத்தனை அடைப்பு, வேலிக்கரை நிழலில் எத்தனை? எண்ணிவிட்டு வந்து சொல்லுங்கள்.

நாவற்குழியான்:
கராஜ் ஐயா சொல்வதை மறுக்கவில்லை. ஆனால் தடைக்காலத்தைக் காட்டி 'கஷ்டம் வந்தால் மூளை வேலை செய்யும்' என்று இளசுகளுக்குச் சொல்கிற பழக்கம் எங்களிடம் கூடிப்போய்விட்டது. அந்தக் கஷ்டம் எவருக்கும் வேண்டாம்.

கஷ்டம் நெருக்காமலே மாறி யோசித்ததற்கும் ஆள் உண்டு. குடாநாட்டில் ஆறு இல்லை, ஆற்றை எங்கிருந்து கொண்டுவருவது என்று தலையைப் பிய்த்தபோது, 1954இல் பொறியியலாளர் ஆறுமுகம் ஆனையிறவைக் காட்டினார். கனகராயன் ஆறு மாரித் தண்ணீரைக் கொண்டுவந்து ஆனையிறவுக் கடனீரேரியில்தானே கொட்டுகிறது. கடல் உள்ளே வராமல் அணை கட்டினால் கடனீரேரியே நன்னீர்க் குளம். அங்கிருந்து முள்ளியானில் ஒரு வாய்க்கால் வெட்டினால் வடமராட்சிக் கடனீரேரிக்குத் தண்ணீர் போகும், சுற்றியுள்ள கிணறுகளின் உவர் குறையும். வேலையும் தொடங்கினார்கள், முடியவில்லை. அரை நூற்றாண்டுக்கு மேலாக அதைப்பற்றிக் கதைத்துக்கொண்டிருக்கிறோம். யோசனை எவ்வளவு புதுசாக இருந்தாலும் காசும் கையெழுத்தும் இல்லாமல் தண்ணீர் ஓடாது.

கொக்குவில் கராஜ்:
தம்பி, கஷ்டத்தைப் புகழவில்லை. பாஸுக்கும் பெற்றோல் கிடைத்திருந்தால் பெற்றோலே ஊற்றியிருப்பார். அவருக்கு இறைப்பு மெசினும் காரும் இரண்டும் கையில் பழகியிருந்தன, அதைத்தான் சொன்னேன். ஒன்றையே தெரிந்தவனுக்கு எங்கிருந்து எடுப்பது என்று தெரியாது. பிள்ளை, அதனால் உங்கள் கேள்விக்கு என் பதில்: பழகலாம், ஆனால் பட்டறையில் இல்லை, பக்கத்துத் தொழிலில்.

கிணற்றடி:
ஐயா, எண்ணினேன். பூவரச வேலியோடு போகிற வரிசையில் அடைப்பு நன்றாகக் குறைவு. நடுத் தோட்டத்தில் பாதிக்கு மேல் அடைப்பு. அப்பா "அது எனக்கு முந்தியே தெரியும்" என்கிறார்! தெரிந்தும் நிழல்பக்கத்தைக் குத்த வேண்டாம், நல்லது என்று விட்டுவிட்டாராம். குழாயைத் தென்னோலையால் மூடலாமா? வேறு ஏதும் யோசனை?

கொக்குவில் கராஜ்:
மூடலாம், வைக்கோலும் சரி. முழுத் தோட்டத்தையும் மூடாமல் நடுவில் இரண்டு வரிசையை மட்டும் மூடுங்கள், பக்கத்து இரண்டை அப்படியே விடுங்கள். இல்லாவிட்டால் ஓலையால் வந்ததா மழையால் வந்ததா என்று பிறகு அப்பாவோடு சண்டை பிடிப்பீர்கள். இறைப்பை விடியமுன் வைக்கப் பாருங்கள். ஏற்கெனவே அடைத்ததற்கு மண்டான்காரர் சொன்ன வினாகிரிதான், அதில் புதுசு ஒன்றும் தேவையில்லை. ஓலைக்குக் கீழே பாம்பு வரும், கையை வைக்கமுன் தடியால் தட்டுங்கள்.