'மை மதர் இஸ் லேட்': டர்பனில் நமக்குப் புரியாமல் போன இங்கிலீஷ்

டர்பனின் சாட்ஸ்வொர்த் பகுதியிலிருந்து:

தென்னாப்பிரிக்காவின் டர்பனுக்கு வந்த புதிது. புரட்டாசி மாதம். இங்கே பல தமிழ் வீடுகளில் மாதம் முழுக்கக் கவுச்சி கிடையாது. பக்கத்து வீட்டு ஆன்ட்டிக்குச் சனிக்கிழமை படையலுக்கு ஒத்தாசையாகப் போயிருந்தேன். அவர் தேங்காய் உரித்துக்கொண்டிருந்தார். அம்மாவும் வருவார்களா என்று இங்கிலீஷில் கேட்டேன். "மை மதர் இஸ் லேட்" என்றார். "பரவாயில்லை ஆன்ட்டி, மெதுவாக வரட்டும், வந்த பிறகே படைக்கலாம்" என்றேன்.

நாரைப் பிடித்திருந்த கை அப்படியே நின்றுவிட்டது. கொஞ்ச நேரம் கழித்து, "போன வருஷம், டார்லிங்" என்றார்.

பெயருக்கு முன்னால் 'லேட்' போட்டால் இறந்தவர் என்பது நமக்குத் தெரியும். தென்னாப்பிரிக்காவில் 'ஷி இஸ் லேட்' என்றாலே இறந்துவிட்டார் என்றும் பொருள். யோசித்தால் நம் 'காலமானார்' என்ற சொல்லிலும் காலம்தானே இருக்கிறது! அன்று எனக்கு அது தோன்றவில்லை. கண் கலங்கிவிட்டது, மன்னிப்புக் கேட்டேன். ஆன்ட்டிதான் என்னைத் தேற்றினார். அவர் கொள்ளுப்பாட்டி கரும்புத் தோட்டத்துக்கு ஒப்பந்தக் கூலியாகக் கப்பலேறி வந்தவராம். வீட்டில் கடைசியாகத் தமிழ் பேசியவர் ஆன்ட்டியின் அம்மாதான். படையல் முடியும்வரை அவரைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தோம்.

டர்பனின் பீனிக்ஸ் பகுதியிலிருந்து:

அக்கா, படித்ததும் மனசு கனத்துவிட்டது. என்னுடையது சின்ன விஷயம். குழாய் ரிப்பேருக்கு ஆளைக் கூப்பிட்டேன். "ஐ'ல் பி தேர் ஜஸ்ட் நவ்" என்றார். காலை பதினோரு மணி. வேலைக்கு லீவு சொல்லிவிட்டு வாசலிலேயே நின்றேன். நாலு மணிக்கு வந்தார், ஒரு பதற்றமும் இல்லாமல். அவர்மீது தப்பில்லை. நம் ஊரில் 'ஜஸ்ட் நவ்' என்றால் இப்போதுதான் நடந்து முடிந்தது. இங்கே அது 'அப்புறமாக', ஒரு மணி நேரமும் ஆகலாம், சாயங்காலமும் ஆகலாம். இங்குள்ள ஆஃப்ரிகான்ஸ் மொழியின் 'நெட்நவ்' தந்த வழக்கு. 'நவ் நவ்' என்றால்தான் சீக்கிரம் வருவார்கள். இப்போதெல்லாம் எத்தனை மணிக்கு என்று கேட்டு வாங்கிக்கொள்கிறேன்.

டோங்காட்டிலிருந்து:

சிக்னலை 'ரோபாட்' என்பார்கள், அது இரண்டு நாளில் பழகிவிட்டது. 'ஷேம்'தான் என்னைக் கலங்கவைத்தது. பாப்பாவுக்கு எட்டு மாதம். கடையில் பில் போடும் பெண் அவளைப் பார்த்து "ஓ, ஷேம்!" என்றாள். நம் ஊரில் துணியில்லாமல் ஓடும் பிள்ளையைத்தானே 'ஷேம் ஷேம்' என்போம்? அவசரமாகக் கவுனை இழுத்துவிட்டேன். எல்லாம் சரியாகத்தான் இருந்தது. பின்னால் நின்ற பாட்டியும் "ஷேம், மா" என்று பாப்பாவின் கன்னத்தைத் தொட்டு, விரலைத் தன் உதட்டில் ஒற்றிக்கொண்டார். 'அய்யோ, செல்லம்!' என்கிறார்கள் என்று அந்தக் கையைப் பார்த்ததும் புரிந்தது.